ஆளைத் தூக்கிட்டா வேலை முடிஞ்சுதா?

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எருக்கஞ்சேரின்னு எங்க பார்த்தாலும் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். தண்ணி லாரி வந்துச்சா, கரண்ட் எப்போ வரும், கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி வடிஞ்சுதா, எல்லாமே அதுலதான். அதுல ராத்திரி 11 மணிக்கு, தெரிஞ்ச ஒருத்தர் நம்பர்லேர்ந்தே "ஆர்டிஓ சலான்"னு, வண்டிக்கு அபராதம் வந்த மாதிரி, ஒரு ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போன்ல ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல், இங்க திருட்டு ஆப்) வந்து விழும். அட்மின் அந்த ஆளை ரிமூவ் பண்ணுவார். நாலு பேர் கும்பிடு எமோஜி போடுவாங்க. எல்லாரும் படுத்துடுவாங்க. ஃபைல் மட்டும் அங்கேயே கிடக்கும்!

ஆளை எடுத்தா அவர் போட்டது அழியாதுங்க. காலையில எழுந்து போனைத் திறக்கிற பெரியவர் கண்ணுல முதல்ல படுறதே அந்த ஃபைல்தான். மெசேஜை அழுத்திப் பிடிச்சு, 'எல்லாருக்கும் டெலிட்'ங்கிறதை அமுக்குங்க. மத்தவங்க போட்டதை அப்படி அழிக்கிற அதிகாரம் அட்மினுக்கு இருக்கு. 'எனக்கு மட்டும்'னு அழிச்சுட்டு "க்ளியர் பண்ணிட்டேன்"னு சொல்றதுல யாருக்கு என்ன லாபம்?

இதைவிட வயிறு எரியறது அடுத்த கூட்டத்தைப் பார்த்து. "இதை யாரும் திறக்காதீங்க"ன்னு எழுதி, அந்த ஏபிகேவையும் சேர்த்தே அஞ்சு குரூப்புக்கு ஃபார்வர்டு பண்றாங்க! விஷத்தை வீடு வீடா குடுத்துட்டு "குடிக்காதே"ன்னு சொல்ற வேலை. எச்சரிக்கணும்னா ஸ்க்ரீன்ஷாட் போதும், ஃபைல் எதுக்கு?

முதல்ல செய்ய வேண்டியது குரூப்பைப் பூட்டறது. குரூப் செட்டிங்ஸ்ல 'அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்பலாம்'னு மாத்துங்க. அப்புறம் ஃபைலை அழிங்க, அப்புறம் அந்த நம்பரை எடுங்க. அதுக்கப்புறம் அவருக்கு சாதாரண போன் கால் போடுங்க. வாட்ஸ்அப்லயே "அண்ணே, உங்க அக்கவுன்ட் ஹேக் ஆயிடுச்சு"ன்னு அனுப்பினா படிக்கிறது திருடன்தான். வேலை முடிஞ்சதும் பூட்டைத் திறக்க மறக்காதீங்க. மழை நாள்ல பூட்டின குரூப்பால ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்ல.

அடுத்தது அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கணும். எல்லாத்துக்கும் "வாட்ஸ்அப்ல டூ ஸ்டெப் பின் (அக்கவுன்ட்டுக்கு நாமளே வெச்சுக்கிற ரகசிய எண்) போடு"ன்னு ஒரே வைத்தியம் சொல்றாங்க பாருங்க, அங்கதான் தப்பே. எஸ்எம்எஸ்ல வந்த 6 இலக்க வாட்ஸ்அப் கோடை யாருக்கோ சொல்லி அக்கவுன்ட் பறிபோயிருந்தா, தன் போன்ல அதே நம்பரைத் திரும்பப் பதியணும். எஸ்எம்எஸ்ல வர்ற புது கோடைப் போட்ட உடனே திருடன் வெளியே போயிடுவான். அவன் டூ ஸ்டெப் பின் போட்டு வெச்சிருந்தா 7 நாள் காத்திருக்கணும், ஆனா அந்த 7 நாளும் அவனால உள்ள இருக்க முடியாது. கால் ஃபார்வர்டிங் (அவருக்கு வர்ற காலைத் தன் நம்பருக்குத் திருப்பி விடறது) வெச்சு ஏமாத்தியிருப்பானோன்னு சந்தேகம் இருந்தா ##002# அடிச்சு எல்லாத்தையும் ரத்து பண்ணுங்க.

ஓடிபியே கேட்காம, ஏதோ லிங்க்ல காட்டின 8 எழுத்து கோடை வாட்ஸ்அப்ல போட வெச்சிருந்தா கதை வேற. அவன் வாட்ஸ்அப்போட 'லிங்க்டு டிவைசஸ்'ல (அக்கவுன்ட்டோட இணைச்ச மத்த சாதனங்களோட பட்டியல்) உட்கார்ந்திருப்பான். அதைத் திறந்து தெரியாத சாதனத்தை லாக் அவுட் பண்ணணும்.

மூணாவதுதான் பெரிய பேஜாரு: ஏபிகேவை இன்ஸ்டால் பண்ணினவர். இங்க பின் மட்டும் போட்டுப் பிரயோஜனமே இல்ல, திருடு அக்கவுன்ட்ல இல்ல, போனுக்குள்ளயே இருக்கு. எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதி வாங்கி, பேங்க் ஓடிபியை அவனுக்கு அனுப்பிட்டே இருக்கும். முதல்ல ஃப்ளைட் மோடு, வைஃபையும் ஆஃப். வேற போன்லேர்ந்து பேங்குக்குச் சொல்லி அக்கவுன்ட்டை நிறுத்தச் சொல்லணும், பணம் போயிருந்தா அப்பவே சைபர் க்ரைம் உதவி எண் 1930-க்கு அடிக்கணும். அப்புறம் அந்த ஆப்பை நீக்கணும். போக அடம்பிடிச்சா செட்டிங்ஸ்ல அதோட அக்சஸிபிலிட்டி, டிவைஸ் அட்மின் அனுமதியை (போனையே ஆட்டிப் படைக்க விடற அனுமதிகள்) எடுத்துட்டு நீக்கிப் பாருங்க. அதுக்கும் போகலைன்னா போனையே மொத்தமா அழிச்சு புதுசு மாதிரி ஆக்கற ஃபேக்டரி ரீசெட்தான். இதைச் செய்யாம "சரி பண்ணிட்டேன்"னு சொன்னவரை மறுநாளே சேர்த்தா, மறுபடியும் அதே ஃபைல்தான் வரும்.

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல 'தெரியாத ஆப் இன்ஸ்டால்' பகுதியில வாட்ஸ்அப்புக்குக் குடுத்திருக்கிற அனுமதியை ஆஃப் பண்ணுங்கன்னு கத்தினா காதுலயே வாங்க மாட்டேங்கறாங்க. ஒரு நிமிஷ வேலைங்க அது!

இன்னொண்ணு. குரூப்புக்கு ஒரே அட்மின், அதுவும் ஆரம்பிச்சவர் மட்டும்னு வெச்சிருக்கீங்களே, அவர் அக்கவுன்ட் போனா என்ன பண்ணுவீங்க? ஆரம்பிச்ச நம்பரை வேற அட்மினாலயும் எடுக்க முடியாது. புது குரூப்தான் கதி. நைட் ஷிஃப்ட் போறவர் ஒருத்தரையாவது அட்மின் ஆக்குங்க, ராத்திரி 11 மணிக்கு முழிச்சிருக்க ஆள் வேணும்ல?

மாட்டிக்கிட்டவரை "படிக்காத ஆளு", "அறிவில்லையா"ன்னு குரூப்லயே திட்டறதை முதல்ல நிறுத்துங்க. அந்த அசிங்கத்துக்குப் பயந்துதான் அடுத்து மாட்டுறவங்க வாயே திறக்கறதில்ல. 1930-க்குப் போன் பண்ண வேண்டிய நேரத்துல போனை ஆஃப் பண்ணிட்டு மூலையில உட்கார்ந்திடறாங்க, பணம் அக்கவுன்ட் விட்டு அக்கவுன்ட் தாவிட்டே இருக்கு.