வாடகைத் தாய்: 'பத்து மாதம் சுமந்தால் பணம்' என்பது உண்மையா?

"ஆரோக்கியமான எந்தப் பெண்ணும் வாடகைத் தாயாகலாம், சாதாரணக் கர்ப்பம்தான், ஆபத்தே இல்லை, கை நிறையப் பணம்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. பணத்தேவையில் தவிக்கும் பெண்களைக் குறிவைப்பதால் ஆபத்தானதும்கூட.

முதலில் உடல். வேறொருவரின் கருமுட்டையில் உருவான கருவை ஏற்க, கருப்பையை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மருந்துகளால் தயார்செய்கிறார்கள். பிறகு கர்ப்பத்தைத் தாங்க உதவும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன், பல வாரங்களுக்கு, சிலருக்கு ஊசியாகவும். முதல் முயற்சியிலேயே கரு தங்கும் என்ற உறுதியும் இல்லை. தங்கினாலும், தன் மரபணு சேராத கருவைச் சுமக்கும்போது கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு கூடுதல். ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களை வைத்தால் இரட்டைக் கர்ப்பமும் குறைப்பிரசவமும் நேரலாம். இதையா 'சாதாரணம்' என்பது?

'எந்தப் பெண்ணும்' என்பதும் பொய். ஏற்கெனவே சிக்கலின்றிக் குழந்தை பெற்றிருப்பது மருத்துவர்கள் எதிர்பார்க்கும் அடிப்படைத் தகுதி. மனநலப் பரிசோதனையும் உண்டு.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பணம் பெறலாம். இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவச் செலவும் காப்பீடும் போன்றவை தவிர ஊதியம் கூடாது. 25 முதல் 35 வயதுக்குள், வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே அனுமதி. வணிகமாக நடத்துவோருக்குப் பத்தாண்டு வரை சிறை. வாடகைத் தாயாகப் பதிவுசெய்யக் கட்டணம் கேட்டு எவரேனும் அழைத்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஆதார் நகலையும் கொடுக்காதீர்கள்.