ஈம் ஒரு பேய் ஊர் அன்று

இங்கிலாந்தின் ஈம் கிராமத்துக் கல்லறைகளின் முன் நின்று ஒருவர் பயந்து நடுங்குவதுபோல் எடுத்த காணொளியைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "இங்கிலாந்தின் பேய்க் கிராமம்" என்ற தலைப்போடு நண்பர்கள் பலரும் அதைப் பகிர்ந்த பிறகு பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. டெர்பிஷயரில் உள்ள ஈம் பேய் ஊர் அன்று. அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், பள்ளிக்கூடம் நடக்கிறது, கொள்ளைநோய் முதலில் புகுந்த வீடுகளில்கூட இன்றும் அடுப்பெரிகிறது.

1665 செப்டம்பரில் இலண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு நோய் ஊருக்குள் நுழைந்ததாகச் சொல்வார்கள். மறு ஆண்டு கோடையில், அப்போதைய பாதிரியார் வில்லியம் மொம்பசனும், எல்லாப் பாதிரியார்களும் இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு முறையையே பின்பற்ற வேண்டும் என்ற 1662ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்க மறுத்ததால் பதவி இழந்திருந்த முந்தைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியும், கொள்கைப் பகையை ஒதுக்கிவைத்துவிட்டு, நோய் வெளியே பரவாதிருக்க ஊர் எல்லை தாண்ட வேண்டாம் என்று ஊராரைக் கேட்டுக்கொண்டார்கள். அண்டை ஊரார் எல்லைக்கல் அருகே உணவை வைத்துச் செல்ல, அதற்கான காசை, நோய் ஒட்டாதிருக்கும் என்று நம்பி, ஈம் மக்கள் கல்லின் குழிகளில் ஊற்றிய வினிகரில் போட்டுவைத்தார்கள். நோய் ஓய்வதற்குள் 260 பேர் மாண்டார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாள்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். அந்தக் கல்லறைகளின் முன் நின்றுதான் காணொளிக்காரர் பயந்து நடுங்குவதுபோல் நடிக்கிறார்.

"மொம்பசன் தன் பிள்ளைகளை மட்டும் முன்பே வெளியே அனுப்பிவிட்டாரே" என்று சிலர் கேட்பீர்கள். அனுப்பினார், உண்மைதான். அவருடைய மனைவி கேத்தரின் போகாமல் தங்கி, 1666 ஆகஸ்டில் அதே நோயில் இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அடைபட்டுக் கிடந்ததால்தான் சாவு கூடியது" என்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: நோய் எப்படிப் பரவுகிறது என்பதே தெரியாத காலத்தில், அடுத்த ஊர்க்காரன் பிழைக்கட்டும் என்று நினைத்தவர்களை இன்றைய அறிவைக்கொண்டு எடைபோட நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஒருமுறை ஆகஸ்டு இறுதியில் அங்கே போயிருந்தபோது, ஊர்க் கிணற்றை அலங்கரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் படம் அமைத்துக்கொண்டிருந்தார்கள். மழைநீர் வழிந்தோடுவதற்காக ஓட்டுக்கூரை போலக் கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும் என்று ஒரு முதிய பெண்மணி எனக்கு விளக்கினார். அதே மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஊர்வலமாகக் கக்லெட் டெல்ஃப் பள்ளத்துக்குப் போய் வழிபடுகிறார்கள். நோய்க் காலத்தில் தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, குடும்பம் குடும்பமாக விலகி நின்று வழிபட்ட இடம் அது.

2020இல் என் பெரியப்பா இறந்தபோது, ஊருக்கு வர முடியாமல் கைப்பேசித் திரையில்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். நான்கு பேர் மட்டும் நின்று அவரை அடக்கம் செய்தார்கள். நாளை யாராவது அந்த இடத்தில் நின்று பேய்க்கதை சொன்னால் என்னால் தாங்க முடியாது. "வெறும் பொழுதுபோக்குக்கு ஏன் இவ்வளவு கோபம்" என்று கேட்பவர்கள், தங்கள் வீட்டுச் சாவு ஒன்றை நினைத்துக்கொண்டு அந்தக் காணொளியை இன்னொரு முறை பாருங்கள். பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள்.