சுகர் இல்லாத கேக்கு

குமாரியக்கா: தம்பி, முந்நூத்திப் பத்து.

பிரவீன்: அய்ய, உங்ககிட்ட போய் காசு வாங்குவேனா யக்கா? நேத்து குடுத்தது சாம்பிள்.

குமாரியக்கா: முந்நூத்திப் பத்துடா!

பிரவீன்: சரி, நீங்க ஆசைப்பட்டா குடுங்க. வெளியாளுக்கு டப்பா நானூறு. உங்களுக்கு முந்நூறு போதும், அந்தப் பத்தை விடுங்க.

குமாரியக்கா: பத்தை வுட்டா மட்டும் எறங்கிடுமா? போன மாசம் நூத்தி அறுபதுதான் இருந்துச்சு.

பிரவீன்: நூத்தி அறுபதா? அந்த ரேட்டுக்கு யாரு குடுத்தது? மைதாவும் டால்டாவுமா இருக்கும் யக்கா. அதெல்லாம் கணக்குலயே சேர்க்காதீங்க.

குமாரியக்கா: நூத்தி அறுபதுக்கே அந்தப் பொண்ணு மூஞ்சைத் தூக்கி வச்சிகிச்சு. இன்னைக்கு முந்நூத்திப் பத்தைப் பாத்துட்டு, "இன்னாம்மா பண்ணீங்க"ன்னு நிக்க வச்சுக் கேக்குது.

பிரவீன்: அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? மெட்டீரியல் விக்கிற விலையில இதுவே கம்மி. இன்னும் ஏறும்.

குமாரியக்கா: இன்னும் ஏறுமா?

பிரவீன்: ஏறாம? தீபாவளிக்குள்ள ஐந்நூறைத் தொடும், பாருங்க.

குமாரியக்கா: அடப்பாவி, அப்போ நான் தீபாவளியே பாக்க மாட்டேனா?

பிரவீன்: ஏன் பாக்க மாட்டீங்க? உங்களுக்குன்னு தனி ரேட்டு போட்டுக்கலாம்.

குமாரியக்கா: ஸ்டான்லில டாக்டரம்மாகிட்ட போய்க் காட்டினா இன்னா சொல்லும்?

பிரவீன்: சூப்பர் யக்கா! தாராளமா காட்டுங்க. அவங்களே நாலு பேஷண்டுக்குச் சொல்லுவாங்க. கார்டு அடிச்சு வச்சிருக்கேன், பத்து எடுத்துட்டுப் போங்க.

குமாரியக்கா: விரலைக் குத்திப் பாத்தா வர்ற நம்பருடா பேமானி! சக்கரை! என் ஒடம்புல ஓடுற சக்கரை!

(காசிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது. துணி எடுக்கப் போன நான், எடுத்த துணியையே மறுபடி கொடியில் போட்டுவிட்டு நின்றேன். இதை விட்டுவிட்டு யார் கீழே இறங்குவார்கள்?)

பிரவீன்: சக்கரையா? இருக்கவே இருக்காது. என் கேக்குல சக்கரையே கிடையாது.

குமாரியக்கா: அப்ப அந்த மிஷினு பொய் சொல்லுதா? மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை எடுத்துகினு வருமே, அந்தப் பொண்ணு. மூணு மாடி ஏறி வந்து பொய் சொல்லணும்னு அதுக்கு இன்னா வேண்டுதலா?

பிரவீன்: எவ்ளோ சாப்பிட்டீங்க?

குமாரியக்கா: டப்பாவ.

பிரவீன்: டப்பாவயேவா? அதுல எட்டு துண்டு யக்கா!

குமாரியக்கா: நைட்டு ஆறு. காலைல டீயோட ரெண்டு.

பிரவீன்: அது எட்டு பேருக்கு!

குமாரியக்கா: எட்டு பேருக்குன்னு எழுதினியா? "சுகர் இல்ல யக்கா, உங்களுக்காகவே பண்ணது, எவ்ளோ வேணாலும் சாப்பிடுங்க"ன்னு நீதான சொன்ன. பேரன் பொறந்த நாளைக்குக் கூட கிரீமை வழிச்சு அவன் தட்டுல போட்டுட்டு, ஓரமா காஞ்ச துண்டைத் துன்னுட்டு எழுந்தவடா நானு. எத்தினி வருசம் கழிச்சு ஒருத்தன் வந்து எவ்ளோ வேணாலும் துன்னுன்றான். துன்ன மாட்டேனா?

(இந்த "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்ற வசனத்தை நான் நாலைந்து வீட்டில் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் ஒருவர் வீட்டிலும் இன்சுலின் பாட்டில் இருந்ததில்லை.)

பிரவீன்: நல்லா இருந்துச்சா?

குமாரியக்கா: அதை வேற கேக்குறியா? ஹார்பர்ல படகு ஓரமா டயரு தொங்கவுட்டிருப்பானுங்க பாரு, அதை நறுக்கி டப்பால போட்டா மாதிரி இருந்துச்சு.

பிரவீன்: அது வே ப்ரோட்டீன் யக்கா, பால்லேர்ந்து எடுக்குற பவுடர். சூட்டுல கொஞ்சம் இறுகிடும். மாவுக்குப் பதிலா அதை ஜாஸ்தி போட்டா ரப்பர் ஆயிடும்னு தெரியும், அதான் ரெண்டு ஸ்கூப்போட நிறுத்தினேன்.

குமாரியக்கா: நிறுத்தினதே இப்படியா? சரி, வேற இன்னா போட்ட? வரிசையா சொல்லு.

பிரவீன்: ஓட்ஸ் 200 கிராம், முட்டை 4, வே 2 ஸ்கூப்பு. இனிப்புக்கு எல்லாமே நேச்சுரல். பேரீச்சம்பழம் 250, நாட்டுச்சர்க்கரை 200, தேன் நாலு பெரிய ஸ்பூன். அவ்ளோதான்.

குமாரியக்கா: நாட்டுச்சர்க்கரை.

பிரவீன்: ஆமா.

குமாரியக்கா: பேர்லயே கீதேடா!

பிரவீன்: அது வேற யக்கா. வெள்ளைச் சர்க்கரைதான் விஷம். இதுல இரும்புச் சத்து இருக்கு.

குமாரியக்கா: இரும்புக்கு முருங்கைக்கீரை துன்னுக்கிறேன். கரும்புச் சாறைக் காய்ச்சினாத்தான அதுவும் வருது? கொஞ்சம் பழுப்பா இருந்தா ரத்தத்துக்கு அடையாளம் தெரியாம பூடுமா?

பிரவீன்: பேரீச்சம்பழம் பழம் யக்கா. பழத்தைப் போய்…

குமாரியக்கா: அந்தப் பாக்கெட்டை எட்த்துகினு வா.

(எடுத்துவந்தான். முன்பக்கம் ஒட்டகம், ஈச்ச மரம், பச்சை வட்டத்துக்குள் "நேச்சுரல்". பின்பக்கம், ஒட்டும் மடிப்புக்குக் கீழே, எறும்பு வரிசையில் போனது போன்ற எழுத்து. போன் டார்ச் அடித்துத்தான் படிக்க முடிந்தது.)

பிரவீன்: "100 கிராமில் மொத்தச் சர்க்கரை 65 கிராம்." ஆனா கீழயே பாருங்க, "சேர்க்கப்பட்ட சர்க்கரை 0".

குமாரியக்கா: யாரும் சேர்க்கல. அதுவா ஏறி உள்ள குந்திகினுகீது. கால் கிலோவுக்கு நூத்தி அறுபது. தேனு?

பிரவீன்: தேன்… 100-க்கு 80. நாலு ஸ்பூன் எம்பது கிராம் வரும்.

குமாரியக்கா: அறுபதுன்னே வை. நாட்டுச்சக்கரைல பத்துல ஒம்பது பங்கு சக்கரைதான்னு டாக்டரம்மா தலைதலையா அடிச்சுகினு சொல்லும். அது ஒரு நூத்தி எம்பது. ஆகமொத்தம் இன்னா ஆச்சு?

பிரவீன்: (போனை எடுக்கிறான்)

குமாரியக்கா: நானூறுடா. கணக்குக்கு எதுக்கு போனு? எத்தினி டப்பா வந்துச்சு?

பிரவீன்: ரெண்டு. ஒரு கிலோ கேக்கு.

குமாரியக்கா: நம்ம பேக்கரி மாஸ்டரு ஒரு கிலோ கேக்குக்கு எவ்ளோ சக்கரை போடுவாரு?

பிரவீன்: மாவு, வெண்ணெய், முட்டை, சர்க்கரை எல்லாம் சமபங்கு. கால் கிலோ.

குமாரியக்கா: ஆக, சக்கரை போட்ட கேக்குல இருநூத்தம்பது. சக்கரை போடாத கேக்குல நானூறு.

பிரவீன்: …

குமாரியக்கா: பேசு.

பிரவீன்: நேச்சுரல் யக்கா.

குமாரியக்கா: தேளு கூட நேச்சுரல்தான்.

பிரவீன்: நீங்க சர்க்கரையை மட்டும் பாக்குறீங்க. ப்ரோட்டீனைப் பாருங்க. இந்தியாவுல நிறைய பேருக்கு ப்ரோட்டீன் பத்தலை. உடம்பு ஒரு கிலோ இருந்தா தினம் 0.83 கிராம் வேணும்னு கவர்மென்ட் கணக்கே இருக்கு. நீங்க எவ்ளோ வெயிட்டு?

குமாரியக்கா: தேவையில்லாத கேள்வி. உன் கேக்குல எவ்ளோ கீது?

பிரவீன்: வே ரெண்டு ஸ்கூப்பு 48, முட்டை நாலு 24, ஓட்ஸ் 26. மொத்தம் 98 கிராம்!

குமாரியக்கா: மொத்தம் எத்தினி துண்டு?

பிரவீன்: பதினாறு.

குமாரியக்கா: அப்ப துண்டுக்கு ஆறு.

பிரவீன்: ஆறு கிராம் ப்ரோட்டீன் யக்கா! ஒரே ஒரு துண்டுல!

குமாரியக்கா: ஒரு முட்டைல எவ்ளோ?

பிரவீன்: …ஆறு.

குமாரியக்கா: முட்டை ஏழு ரூபா. உன் துண்டு அம்பது ரூபா. அந்த நாப்பத்தி மூணு ரூபாக்குத்தான் எனக்கு முந்நூத்திப் பத்தா?

(இங்கே நியாயமாக நான் கைதட்டியிருக்க வேண்டும். துணி கையில் இருந்தது.)

பிரவீன்: முட்டையை அவிச்சுச் சாப்பிட எல்லாருக்கும் புடிக்குமா? ஸ்வீட் சாப்பிட ஆசை இருக்குமில்ல?

குமாரியக்கா: இருக்கும். எனக்கு இல்லாத ஆசையா? அப்ப ஸ்வீட்டுன்னு சொல்லி வியாபாரம் பண்ணு. ஒரு துண்டு வாங்கினோமா, துன்னோமா, மறுநாள் நடையைக் கூட்டினோமான்னு போவேன். மருந்துன்னு சொல்லி ஸ்வீட்டை வித்தா, நான் மருந்து கணக்குல வேளாவேளைக்கு துன்றேன்.

பிரவீன்: நான் எங்க மருந்துன்னு சொன்னேன்?

குமாரியக்கா: டப்பா மேல இன்னா ஒட்டிகீற? படி.

பிரவீன்: "டயாபடிக் ஃப்ரெண்ட்லி."

குமாரியக்கா: அப்டின்னா?

பிரவீன்: சுகர் பேஷண்டுக்கு… தோஸ்து.

குமாரியக்கா: நல்லா இருந்துச்சுடா தோஸ்து! ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு படகை நிறுத்தி வைக்கிறான், மீனு குஞ்சு பொரிக்கட்டும்னு. உன் ஓவனுக்கும் அதே மாதிரி தடைக்காலம் போடணும். மனுசன் பொழைக்கட்டும்.

பிரவீன்: தடைக்காலத்துல நிவாரணம் தருவாங்களே, எனக்கும் வருமா?

குமாரியக்கா: எனக்கு வரணும். நீ அந்தப் பொட்டியப் போட்டாலே என் வூட்டு ஃபேன் நின்னுடுது. அதுக்குத் தனியா ஒரு 61 நாளு.

பிரவீன்: சரி, அடுத்த தடவை ஸ்டீவியா போடுறேன். இலையிலேர்ந்து எடுக்குறது. சுகரை ஏத்தாது.

குமாரியக்கா: நல்லதாச்சே, ஏன் மொதல்லயே போடல?

பிரவீன்: போட்டுப் பாத்தேன் யக்கா. கேக்குல சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்ல. ஈரத்தைப் புடிச்சு வைக்கும், மேல செவக்க வைக்கும், சாஃப்ட்டா வைக்கும். ஸ்டீவியா துளியூண்டு போதும், அதனால அந்த இடமே காலி. வெளுத்து, காஞ்சு, அமுங்கிப் போச்சு. கடைசில நாக்குல ஒரு கசப்பு வேற. போட்டோவுக்கு நல்லால்ல.

குமாரியக்கா: போட்டோவுக்கு நல்லால்லன்னு நாட்டுச்சக்கரை போட்ட.

பிரவீன்: அப்டி இல்ல…

குமாரியக்கா: அப்டித்தான். ஸ்டீவியா போட்டாலும் ஓட்ஸு உள்ளதான கீது? அதுவும் வவுத்துல போய் சக்கரைதான் ஆவும். எவ்ளோ துன்றோம்ன்றதுதாம்மா கணக்குன்னு டாக்டரம்மா சொல்லும்.

பிரவீன்: யக்கா, நீங்க மார்க்கெட்டைப் புரிஞ்சுக்கணும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதான் ஐசிஎம்ஆர், அதோட ஆய்வு 2023-ல வந்துச்சு. இந்தியாவுல பத்துக் கோடி பேருக்கு மேல சுகர். பத்துக் கோடி! இதுல ஒரு பர்சன்ட்டு நம்ம கேக்கை வாங்கினாக்கூட…

குமாரியக்கா: நிறுத்து. நான் மார்க்கெட்டா?

பிரவீன்: உங்களைச் சொல்லல, பொதுவா…

குமாரியக்கா: மார்க்கெட்ல குந்தி மீனு விக்கிறவடா நானு. செவுளைத் தூக்கிக் காட்டாம ஒரு மீனு வித்ததில்ல. நேத்து மீன்னா நேத்து மீனுன்னு சொல்லி வெலைய கொறைச்சுதான் குடுப்பேன். ஐஸு வச்சதுன்னா ஐஸு வச்சதுன்னு சொல்லுவேன். படிக்காத நானே சொல்றேன். நீ படிச்சவன், பத்துக் கோடி பேரு நோவைக் கணக்கு எட்த்து வச்சுகினு, செவுளை மூடி ஸ்டிக்கர் ஒட்டி விக்கிற.

(பிரவீன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அவன் கெட்டவன் கிடையாது. போன வருஷம் வெள்ளத்தில் அக்காவின் தராசைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியவன் அவன்தான்.)

பிரவீன்: இப்ப என்ன பண்ணணும்ன்றீங்க?

குமாரியக்கா: ப்ரோட்டீனு வேணும்னா எங்கிட்ட வா. மீனுல எவ்ளோ?

பிரவீன்: நூறு கிராமுக்கு இருபது கிட்ட வரும்.

குமாரியக்கா: சக்கரை?

பிரவீன்: சைபர்.

குமாரியக்கா: சேர்க்காத சைபரா, கிடையவே கிடையாத சைபரா?

பிரவீன்: கிடையவே கிடையாது.

குமாரியக்கா: முப்பது வருசமா கூடைல வச்சுகினு தெருத்தெருவா கத்துறேன். ஒருத்தனும் என்னை ஹெல்த்தின்னு சொல்லல. நாத்தம்னு மூக்கைப் பொத்திகினு போறான்.

பிரவீன்: மீன்ல கேக் பண்ண முடியாதே யக்கா.

குமாரியக்கா: பண்ணிடாத. அதுக்கும் 61 நாளு.

(பிரவீன் போன் அடிக்கிறது. ஸ்பீக்கர் போடுகிறான்.)

பிரவீன்: ஹலோ… ஆமா சார், அந்த கேக்குதான்… யாருக்கு, அம்மாவுக்கா? வயசு எழுபதா? சுகரா? சார், அது வந்து…

குமாரியக்கா: குட்றா இங்க. ஹலோ! அம்மாவுக்கு சக்கரை எவ்ளோ கீது சார்? இருநூத்தி இருபதா? கேக்கெல்லாம் வோணாம் சார். ப்ரோட்டீனுதான வோணும்? சங்கரா கீது, நெத்திலி கீது. காலைல எறங்குனது… ஆங், வூட்லயே செய்யலாம், கொழம்புல போட்டா போதும்… டெலிவரியா? உண்டு சார், உண்டு. அட்ரஸ் சொல்லு… பெரம்பூரா? அரை மணி நேரத்துல வந்துடும்.

பிரவீன்: யக்கா, பெரம்பூருக்கு யாரு போறது?

குமாரியக்கா: வண்டி உன்னுது. ஐஸு என்னுது. சார்கிட்ட செவுளைக் காட்டிட்டுக் குடு.