லெப்ட் கார்னர் லீவில் வந்திருந்தான்

போன சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு மேல், திருநெல்வேலி ஜங்ஷன் ரயில் நிலையத்துக்கு வெளியே நாலு பேர் டீ குடித்துக்கொண்டு நின்றோம். நாலு பேருக்கும் நாற்பத்தைந்தை ஒட்டிய வயசு. ஒருத்தன் துபாயிலிருந்து இருபது நாள் லீவில் வந்தவன். ஒருத்தன் அரசு பஸ் நடத்துநர், காலையில் ஆறு மணிக்கு டூட்டி ஏற வேண்டும். இன்னொருத்தன் களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருக்கிறான். வீட்டிலிருந்து மாறி மாறி போன் வந்துகொண்டே இருந்தது. யாருக்கும் கிளம்ப மனசில்லை.

எங்களுக்குள் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது. பள்ளிக்கூடக் கபடி டீமில் யார் எந்த இடத்தில் நின்றோமோ அதுதான் பேர். துபாய்க்காரன் லெப்ட் கார்னர். நடத்துநர் ரைட் கவர். வாழைக்காரன் ரைட் கார்னர். நான் ரைடர். இருபத்தெட்டு வருசம் கழித்தும் இவன்களில் எவன் பொண்டாட்டியும் போனை எடுத்து, "ஏங்க, ரைடர் அண்ணன் பேசுதாங்க" என்றுதான் கொடுப்பாள். ஏழு பேரில் ஒருத்தன் இப்போது உயிரோடு இல்லை. மற்ற ரெண்டு பேர் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். கோயில் கொடைக்கு வந்தால்தான் பார்க்க முடியும்.

அன்றைக்கு நாங்கள் போயிருந்தது கங்கைகொண்டான் தாண்டி ஒரு ஊரில் நடந்த மின்னொளி கபடிக்கு. போஸ்டர் பார்த்திருப்பீர்கள். 'மாபெரும்' என்று ஆரம்பித்து, முதல் பரிசு, சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம், கீழே விழாக் குழுவினர் என்று போட்டிருக்கும். நாங்கள் ஆடிய காலத்தில் சவுக்குக் கம்பை நட்டு வரிசையாக டியூப்லைட் கட்டியிருப்பார்கள். அதைச் சுற்றிப் பூச்சி மொய்க்கும், 'கபடி, கபடி' என்று பாடிப் போகும்போது வாய்க்குள்ளேயே வந்து விழும். இப்போது நாலு மூலையிலும் எல்இடி விளக்கு. செம்மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். அந்த ஈரமண் வாசம் மூக்கில் ஏறியதும் லெப்ட் கார்னர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். ஆட்டம் முடிகிற வரைக்கும் போடவில்லை.

அங்கே நடந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

கால் இறுதிக்கு ஒரு டீம் இறங்க வேண்டும். மைக்கில் கூப்பிட்டாகிவிட்டது. பையன்கள் வந்து வரிசையாக நின்றார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும். சட்டையில் ஊர் பேர் இல்லை. நெஞ்சில் ஒரு தலைவர் படம், கையோரத்தில் ரெண்டு கலர் பட்டை. அந்தக் கலர் எந்தச் சாதியைச் சொல்கிறது என்று நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் ஒரு பக்கம் விசில் பறந்தது, இன்னொரு பக்கம் சட்டென்று அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எங்கள் நாலு பேருக்கும் தெரியும். ரைட் கவர் என் தோளைத் தொட்டு, "மக்கா, வண்டிய எடுத்து வெளிய நிறுத்திருவமா?" என்றான்.

அப்போது கமிட்டியிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. மைக்கைக்கூட வாங்கவில்லை. நேரே பையன்களிடம் போய், "ஏய் தம்பிகளா, சட்டையத் திருப்பிப் போட்டுட்டு எறங்குங்கடே" என்றார். கேப்டன் பையன் ஏதோ சொல்லப் பார்த்தான். "படம் உள்ள நெஞ்சோட ஒட்டி இருக்கட்டும். வெளிய வேண்டாம். இது ஊர்க் களம்லா" என்றார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்கள். பிறகு ஒருத்தன் கழற்றினான், ஏழு பேரும் கழற்றித் திருப்பிப் போட்டார்கள். தையல் பிரியும் வெளியே தெரிய, கழுத்துக்குப் பின்னால் கம்பெனி லேபிள் துடிக்க, அந்தப் பையன்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! லெப்ட் கார்னரில் நின்ற ஒல்லிப் பையன், போனஸ் கோட்டில் கால் வைத்த ரைடரின் கணுக்காலை விழுந்து பிடித்தான் பாருங்கள். அவன் விழுந்த அதே நொடியில் என் பக்கத்தில் நின்ற துபாய்க்காரன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டான். நகம் பட்ட தடம் மறுநாளும் இருந்தது. முன்னால் அமைதியாக இருந்த பக்கத்திலிருந்தும் அந்தப் பிடிக்குக் கை தட்டினார்கள்.

மறுநாள் பேப்பரில் தேடினேன். போட்டி நடந்ததாக நாலு வரி பெட்டிச் செய்தி, ஜெயித்த ஊரின் பேர் மட்டும். பெரியவரைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் சொன்னபடி நடந்தது, சண்டை வரவில்லை. வராத சண்டையைச் செய்தியாக்க யாருக்கும் தெரியவில்லை.

லெப்ட் கார்னர் அன்றைக்கு ராத்திரியே டீக்கடையில் வைத்து இதைத்தான் வருத்தத்தோடு கேட்டான். "ஏலே, அங்க கேம்ப்ல இருந்து போனத் தொறந்தா நம்ம ஊரு அருவாளுக்கு மட்டுந்தான் செய்தில வருது. கூட வேல பாக்க மலையாளத்துக்காரன் 'எந்தா திருநெல்வேலி'ன்னு கேக்கான். நான் என்னத்தச் சொல்ல?" அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வெட்டினார்கள். 2024 டிசம்பரில் பாளையங்கோட்டை கோர்ட் வாசலில் பட்டப்பகலில் ஒருவரை வெட்டிச் சாய்த்தார்கள். இதெல்லாம் பொய்யில்லை, மறைக்கவும் கூடாது. நாங்குநேரிக்குப் பிறகு அரசாங்கம் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பையன்கள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் அதை முழு மனசோடு ஆதரிக்கிறேன். ஆனால் கயிற்றை அறுத்துவிட்டு அந்தக் கையில் நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்? சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பதினேழு வயசுப் பையன் எங்கே போவான்? என் கேள்வி அதுதான்.

1997-இல் எங்களுக்கும் அதே பதினேழு வயசு. போக்குவரத்துக் கழகத்துக்கு யார் பேர் வைப்பது என்பதில் தென்மாவட்டமே கொதித்த வருசம். அந்த ஜூலையில்தான் மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பேரையெல்லாம் அரசாங்கம் மொத்தமாக எடுத்தது. கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் அதோடு போனது. அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் கேடிசி. கேடிசி நகர் என்ற பேரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதைய பையன்கள் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

எங்கள் ஏழு பேர் டீமில் நாலு தெருக்காரர்கள் இருந்தோம். நம்ம பக்கம் தெரு என்றால் சாதி. பி.டி. சார் வேண்டுமென்றே அப்படிப் பொறுக்கினாரோ என்னவோ, கேட்டதில்லை. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் கபடியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் மணத்தி கணேசன் ஆடியதை அவர் வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். "நம்ம சீமை மண்ணுலே, நம்ம மண்ணு" என்பார். பிராக்டிஸ் முடிந்து ஒருநாள் வெளியே வந்தால் பஸ் இல்லை. ரைட் கவர் ஊருக்குப் போகிற வழியில் கல்லெறி. லெப்ட் கார்னர் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அந்தத் தெருவில் ரைட் கவர் தெருக்காரன் யாரும் அதற்கு முன்னால் திண்ணையைத் தாண்டியதில்லை.

பதினோரு நாள் இருந்தான். முதல் நாள் லெப்ட் கார்னரின் அம்மா தனியாக வாழை இலை போட்டுச் சோறு வைத்தார்கள். மூணாம் நாள் தட்டு. அஞ்சாம் நாள், "ஏல, சட்டில கொழம்பு இருக்கு, போய் எடுத்துப் போட்டுத் தின்னு" என்று அடுக்களையைக் கைகாட்டிவிட்டார்கள். ரைட் கவர் இன்றைக்கும் இதைச் சொல்லும்போது இலை, தட்டு, அடுக்களை என்று மூன்று விரலை மடக்குவான். போன வருசம் அந்த அம்மா இறந்தபோது துபாய்க்காரனுக்கு டிக்கெட் கிடைக்க ரெண்டு நாள் ஆகிவிட்டது. ஐஸ் பெட்டி பக்கத்தில் அந்த ரெண்டு நாளும் உட்கார்ந்திருந்தவன் ரைட் கவர்தான்.

கபடி சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த டீம் இல்லையென்றால் அந்தப் பதினோரு நாள் இல்லை. அதை நான் கண்ணால் பார்த்தவன்.

இந்த ஊர் ஒரே சட்டை போட்டும் பார்த்திருக்கிறேன். 2023-இல் டிஎன்பிஎல் என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் கடைசிக்கட்ட ஆட்டங்கள் தாழையூத்து சங்கர் நகரில் நடந்தன. மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். திண்டுக்கல்லோடு நடந்த ஆட்டம், பத்தொன்பதாவது ஓவரில் மட்டும் நெல்லை 33 ரன் அடித்தது. முன்பின் தெரியாத ஆள் என் மகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். இறுதி ஆட்டத்தில் கோவையிடம் 104 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். தோற்ற பிறகும் 'நெல்லை, நெல்லை' என்று கத்திக்கொண்டேதான் ஜனம் வெளியே வந்தது. அந்தச் சட்டையில் ஊர் பேர் மட்டும்தான் இருந்தது.

ராத்திரி என்றாலே பயம் என்று இந்த ஊரைப் பற்றி யாராவது சொன்னால் பாளையங்கோட்டை தசராவுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு அம்மன் சப்பரமும் எருமைக்கிடா மைதானத்துக்கு வரும் ராத்திரியில், விடிய விடியப் பொம்பளைப் பிள்ளைகள் தைரியமாகத் தெருவில் நடக்கிறார்கள். வெளிச்சமும் கூட்டமும் இருந்தால் நம்ம ஊர் ராத்திரி எவ்வளவு நல்ல ராத்திரி! மற்ற நாளில் பதினோரு மணியானால் ஷட்டர் இறங்குகிறது. அன்றைக்கும் வண்ணார்பேட்டையில் புரோட்டா தின்னலாம் என்று போனால் கல்லைக் கழுவிவிட்டார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் இருபத்துநாலு மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-லேயே அரசாணை வந்தது. நாலு பேர் வேலைக்கு நிற்கிற புரோட்டாக் கடை அதற்குள் வராது. ராத்திரியில் ஊரைக் காவல் காப்பது அந்த மாதிரிச் சின்னக் கடை விளக்குகள்தான் என்பது என் அனுபவம்.

பசியோடு சுலோசன முதலியார் பாலத்து வழியாக ஜங்ஷனுக்கு வந்தோம். கீழே தாமிரவருணி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. 1843-இல் திறந்த பாலம், சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. ரெண்டு கரை ஆட்களும் சேர்ந்து நடக்க ஒரு ஆள் பாலமே கட்டிக் கொடுத்த ஊரில், வார்டுக்கு ஒரு களத்துக்கு நாலு விளக்குப் போட ஆள் வராதா? மாநகராட்சி செய்யட்டும், இல்லையென்றால் வெளிநாட்டில் இருக்கும் நம்ம பையன்கள் செய்வார்கள், லெப்ட் கார்னர் ஒரு களத்துக்கு நான் தாரேன் என்று சொல்லிவிட்டான். போட்டி நடத்தும் கமிட்டிகளைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: போஸ்டரிலேயே 'சட்டையில் ஊர் பேரும் நம்பரும் மட்டும்' என்று ஒரு வரி போடுங்கள். ஒரே தெருப் பையன்கள் ஏழு பேரைச் சேர்க்காதீர்கள். பொம்பளைப் பிள்ளைகள் ஆட்டத்தை முதலில் வையுங்கள், அவர்கள் வீடு போக வேன் ஏற்பாடு பண்ணுங்கள். பத்திரிகைக்காரத் தம்பிகள், ஒரு ராத்திரி களத்தில் வந்து உட்கார்ந்து பாருங்கள், எழுத நிறைய இருக்கிறது.

லெப்ட் கார்னர் வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிட்டான். நேற்று ராத்திரி மெசேஜ். அங்கே பத்தரை, இங்கே பன்னிரண்டு. அடுத்த சனிக்கிழமை அந்தச் சட்டையைத் திருப்பிப் போட்ட பையன்கள் வேறொரு ஊரில் ஆடுகிறார்களாம், யூடியூப்பில் லைவ் வருமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறான். நான் போன் பண்ணிக் கேட்டுவிட்டேன். வருமாம். அந்த ஒல்லிப் பையனுக்குக் கால் சைஸ் எட்டு என்றும் கேட்டு வைத்திருக்கிறேன், அவன் ஷூ வாங்கி அனுப்பப் போகிறான்.