இரவிலும் ஆறாத ஊர்

தஞ்சாவூரில் வேலையை முடித்துக்கொண்டு, இரவு ஒன்பது மணியளவில் திருவையாறு சாலையில் வண்டியில் வீடு திரும்புவது என் நெடுநாள் வழக்கம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்கும் இந்தச் சாலையில், குறுவைக் காலத்தில் வெண்ணாற்றுப் பாலத்தைத் தாண்டியதுமே நடவு வயலின் குளிர்ச்சி முகத்தில் படும். இப்போது அந்தக் குளிர்ச்சிக்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதையும், அந்த வேறுபாடு பகலைவிட இரவிலேயே மிகுதி என்பதையும் லண்டனில் வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் 200 ஆண்டுகளுக்கு முன்பே அளந்து எழுதிவிட்டார். கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலில் வாங்கிய வெயிலை இரவெல்லாம் வெளியே விடுகின்றன. சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிக்கு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் டெல்டாவில், கட்டியதைவிடக் கட்டுவதற்காகத் தூர்த்ததே பெரிய கேடு என்று நான் கருதுகிறேன். நீர் நிற்கும் நெல்வயலிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொண்டால், ஒரு ஏக்கருக்கு அது 20,000 லிட்டர். ஒவ்வொரு லிட்டரும் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வரப்பை வெட்டி, கிராவல் அடித்து, மனைக்கல் நட்ட நாளிலிருந்து அவ்வளவு வெப்பமும் தரையையும் சுவரையும் காற்றையும் சூடாக்கவே போகிறது. மேட்டூர் அணை மூடியிருக்கும் கோடை மாதங்களில் பம்புசெட் வயல்களைத் தவிர மற்றவை காய்ந்துதான் கிடக்கும் என்பது உண்மையே. அப்போது ஊரைத் தணிப்பவை குளங்களும் மரங்களும், அவற்றையும் நாம் விட்டுவைக்கவில்லை.

மழையைப் பற்றி மிகைப்படுத்த விரும்பவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை வங்கக் கடலிலிருந்து வருவது. தஞ்சாவூரின் சூடு அதைத் தீர்மானிப்பதில்லை. சூடான தரையிலிருந்து காற்று மேலெழுந்து பெய்யும் கோடையின் வெப்பச்சலன மழை அப்படியன்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1970-களில் நடந்த ஆய்வு, காற்று நகரைக் கடந்து செல்லும் பக்கத்தில் கோடை மழை கூடியதைக் காட்டியது.

இரவு வெப்பம் தூக்கத்தை மட்டும் கெடுப்பதில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட பருவத்தின் இரவு வெப்பம் 1 டிகிரி உயர்ந்தால் நெல் விளைச்சல் சுமார் 10 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். அங்கே கண்டது நகர வெப்பத்தை மட்டும் பற்றியதன்று என்றாலும், ஊரை ஒட்டி வயல் வைத்திருப்பவர்களுக்கு அது கவலை தரும் செய்தி.

காவிரி டெல்டாவைப் பாதுகாக்க வந்த 2020-ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கும் உருக்காலைகளுக்கும் புதிதாக இடமில்லை என்றது. அதை மனமார வரவேற்றவன் நான். அதன் தடைப்பட்டியலில் வீட்டுமனைகள் இல்லை. வீடு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. பாசன வாய்க்காலையும் குளத்தையும் தொடாமல் மனை பிரிக்கச் சொல்லலாம் அல்லவா? எங்கள் தெருக்கோடிக் குளத்துக்கு நீர் கொண்டுவந்த வாய்க்காலில் இப்போது சிமெண்டுச் சாலை ஓடுகிறது. சாலைக்கு அடியில் ஒரு குழாயாவது பதித்துத் தாருங்கள் என்று தெருவாசிகள் கையெழுத்திட்ட மனு என்னிடம் இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன் அந்த வேலை முடிந்தால், ஆற்றில் தண்ணீர் வரும்போது குளத்துக்கும் வரும்.