'ஆன்' போட எழுத்தைப் பார்க்காதீர்கள்
ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் எ (a) போடுவதா, ஆன் (an) போடுவதா என்பதற்கு ஒருவர், 'ஏ, ஈ, ஐ, ஓ, யூ எழுத்தில் தொடங்கினால் ஆன், மற்றதுக்கெல்லாம் எ, அவ்வளவுதான் விதி' என்று எழுதியிருக்கிறார். தப்புங்க. கணக்கு ஒலிக்குத்தான், எழுத்துக்கு இல்லை. யூனிவர்சிட்டி, யூ எழுத்தில்தான் தொடங்குகிறது. வாயில் வருவதோ 'ய' ஒலி. அதனால் எ யூனிவர்சிட்டி. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' சொல்லில் ஹெச் ஊமை, எனவே ஆன் அவர்.

தண்டையார்பேட்டையில் ட்யூஷன் பிள்ளைகளுக்கு நான் ஆர்.கே. நகர் எம்.எல்.ஏ.வை வைத்துத்தான் சொல்வேன். 'எம்' மெய்யெழுத்து, ஆனால் உச்சரிக்கும்போது 'எ' என்றுதானே வாய் திறக்கிறது? ஆன் எம்.எல்.ஏ. அதையே மெம்பர் என்று விரித்தால் எ மெம்பர். நம்ம 'ஓர் ஊர், ஒரு வீடு' மாதிரிதான், தமிழில் எழுத்தும் ஒலியும் சேர்ந்தே போவதால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், யூவில் தொடங்கும் எல்லாவற்றுக்கும் எ போட்டுவிடாதீர்கள், அம்ப்ரெல்லாவுக்கு ஆன்தான்.