புதுப்பித்தவுடன் வேலை முடிவதில்லை

இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டைக்குத் திருத்தம் வந்தால் உடனே புதுப்பியுங்கள், அதோடு கவலை விட்டது என்கிறது உங்கள் கட்டுரை. முதல் பாதி சரி. சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு வேலையே அதற்குப் பிறகுதான்.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓப்பன்எஸ்எஸ்எல் ஓட்டை தெரியவந்தபோது, திருத்தப்பட்ட 1.0.1ஜி பதிப்பை நிறுவிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அப்புறம் ஒரு சந்தேகத்தில், புராசஸ்கள், அதாவது ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கள், எந்தெந்தக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கின்றன என்று பார்த்தேன். வெப் சர்வர் இன்னும் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியையே (புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருந்தது. வட்டில் அந்தக் கோப்பே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு மட்டும். ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் ஓட்டை அடைபட்டது.

அந்தப் பிழை எவ்வளவு எளிமையானது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. ஒரு பைட் அனுப்பிவிட்டு 64 கேபி அனுப்பியதாகச் சொன்னால், சர்வர் அதை நம்பி, நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடும். சொன்ன நீளமும் வந்த நீளமும் பொருந்துகிறதா என்று பார்க்கும் சில வரிகள்தான் திருத்தம். ஆனால் 2012 மார்ச் முதலே அந்தப் பிழை வெளியான பதிப்புகளில் இருந்தது. யாராவது அதைப் பயன்படுத்தியிருந்தாலும் சர்வரின் வழக்கமான லாக்கில் (பதிவுக் கோப்பில்) தடயமும் விழாது. அதனால் பிரைவேட் கீ (குறியாக்கத்துக்கான சர்வரின் ரகசியத் திறவுகோல்) களவு போனதாகவே வைத்துக்கொண்டு, புதிய கீ, புதிய சான்றிதழ், பழையதை ரத்து செய்வது, கடைசியாகக் கடவுச்சொல் மாற்றம் என்று போக வேண்டும். கடவுச்சொல்லை முதலில் மாற்றினால், புதியதும் அதே ஓட்டை வழியாகப் போய்விடும்.

ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த, அதாவது லைப்ரரியைத் தங்களுக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கும் புரோகிராம்கள் இருந்தால் அவற்றைத் தனியாக மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கட்டுரையில் இதையும் சேர்த்துவிடுங்கள்.